நிற்கும்போது அணைந்து போகும் கார்

கார் சிவப்பு விளக்கில் நிற்கிறது. டிரைவரின் கால் ஆக்சிலேட்டரில் இல்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஆனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் ‘ஐட்லிங்’ என்கிறோம். ‘ஸ்லோ ஸ்பீடு’ என்றும் சொல்வார்கள்.

நல்ல காரில் இந்த ஓட்டம் ஒரே சீராக இருக்கும். பழைய காரில் அப்படி இருப்பதில்லை. எஞ்சின் குலுங்கும். திடீரென்று அணைந்துவிடும். அல்லது மிதிக்காமலே ‘உர்’ என்று உறுமும்.

டெல்லியில் ஆசிரமம் சந்திப்பிலோ ஐ.டி.ஓ. சந்திப்பிலோ கார் இப்படி அணைந்து போனால் என்ன ஆகும்? பச்சை விளக்கு விழுந்துவிடும். பின்னால் நூறு வண்டிகள் ஆரன் அடிக்கும். டாக்சி ஓட்டுபவர் என்றால் பின் சீட்டில் இருப்பவர் இறங்கி வேறு வண்டிக்குப் போய்விடுவார். அன்றைய வருமானம் குறையும். ஆகவே இது சின்னக் கோளாறு அல்ல.

பலர் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கில் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து எஞ்சினை உயிரோடு வைத்திருப்பார்கள். இதில் பெட்ரோல் வீணாகும். புகையும் அதிகமாகும். 2020 அக்டோபரில் டெல்லி அரசு, சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைத்து வையுங்கள் என்று ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. ‘ஸ்லோ’ சரியில்லாத காரை ஓட்டுபவர் அதைக் கேட்கவே மாட்டார். அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயம் அவருக்கு.

எஞ்சினுக்கு என்ன தேவை?

பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று பொருள் வேண்டும். காற்று, பெட்ரோல், தீப்பொறி. 1 கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. காற்று குறைந்தால் கரும்புகை வரும். காற்று கூடினால் எஞ்சின் இருமும், அணையும்.

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள குர்காவ் தொழிற்சாலையில் அது உருவானது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ஒரு டெல்லிக்காரரிடம் கொடுத்தார். 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேல் விற்றுவிட்டது.

அதன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள் உண்டு. ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 900 முறை சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு 450 முறை. மூன்றிலும் சேர்த்து 1350 முறை. ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் எஞ்சினின் மூன்றில் ஒரு பங்கு செத்தது போல. கார் குலுங்காமல் என்ன செய்யும்?

வேகமாக ஓடும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும். ஏன்? ஐட்லிங்கில் காற்று போகும் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. மிகக் கொஞ்சம் காற்று, சில சொட்டுப் பெட்ரோல். இதை வைத்துத்தான் எஞ்சின் உயிர் பிழைக்கிறது. ஒரு குழாயில் மெல்லிய கீறல் விழுந்தால்கூட கணக்கு தவறிவிடும்.

முதலில் கேட்க வேண்டியது

கரோல் பாக்கில் பல ஆண்டு வேலை பார்த்த தமிழ் மெக்கானிக் ஒருவர். புதிதாக டாக்சி ஓட்ட வந்த இளைஞர் ஒருவர். இருவரும் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, வண்டி ஸ்லோவில் நிற்க மாட்டேங்குது. அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க.”

“இரு தம்பி. காய்ச்சல் வந்தவனுக்குப் பவுடர் பூசினா சரியாயிடுமா? எப்போ அணையுது? காலையிலயா, வண்டி சூடானதுக்கு அப்புறமா?”

“சூடானதுக்கு அப்புறம்தான். காலையில நல்லாத்தான் இருக்கு.”

“குலுங்கிக் குலுங்கி அணையுதா, சத்தமில்லாம அணையுதா?”

“குலுங்குது அண்ணே. பெட்ரோல் வாசனை வேற அடிக்குது.”

“புகை?”

“கறுப்பா வருது.”

“அப்போ பெட்ரோல் கூடப் போகுது, காற்று குறைவு. முதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டு, பார்ப்போம்.”

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் மெக்கானிக் நான்கு கேள்வி கேட்டார். பாதி வேலை அதிலேயே முடிந்தது. நல்ல மெக்கானிக்குக்கு இதுதான் அடையாளம். பானெட்டைத் திறந்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு பாய்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

டெல்லியில் பெரும்பாலும் இந்தியில்தான் சொல்ல வேண்டியிருக்கும். “காடி பந்த் ஹோ ஜாத்தீ ஹை” என்றால் வண்டி அணைந்துவிடுகிறது என்று பொருள். “மிஸ்ஸிங் ஹை” என்றால் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். எப்போது, எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் பார்க்கக்கூடியவை

எஞ்சினை அணையுங்கள். அது ஆறட்டும். கழுத்தில் மஃப்ளர், துப்பட்டா, சால்வை இருந்தால் கழற்றி வையுங்கள். குளிர்காலத்தில் பலர் இதை மறக்கிறார்கள். ரேடியேட்டர் விசிறி சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். பெல்ட்டிலோ விசிறியிலோ துணி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

முதலில் ஏர் ஃபில்டர். டெல்லிப் புழுதிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் மண்காற்றைக் கேட்கவே வேண்டாம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடிக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புதிது மாற்றுங்கள்.

அடுத்து ரப்பர் குழாய்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் பல சின்னக் குழாய்கள் இருக்கும். பழைய ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் வெடிக்கும். வெடித்த இடத்தில் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு குழாயையும் வளைத்துப் பாருங்கள். நுனியில் வெடிப்பு தெரியும். நுனி மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். செலவே இல்லை.

இந்தக் குழாய்களில் ஒன்று மற்றவற்றைவிடத் தடியாக இருக்கும். அது பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. அதில் ஓட்டை விழுந்தால் ‘ஸ்லோ’ கெடும். கூடவே பிரேக் பெடல் கல்லாக இறுகும். எவ்வளவு அழுத்தினாலும் கார் தாமதமாகத்தான் நிற்கும். இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். சவாரி போனால் போகட்டும்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கச் சிலர் ஓடும் எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும். இதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

பிளக் சொல்லும் கதை

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் நுனியின் நிறம் நிறையச் சொல்லும். வெளிர் பழுப்பு, அதாவது பிஸ்கட் நிறம் என்றால் நன்றாக எரிகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாக இருந்தால் எஞ்சின் ஆயில் மேலே ஏறி எரிகிறது. அது பெரிய செலவு. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, மெக்கானிக் ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுப்பார். நல்ல சிலிண்டரின் ஒயரை எடுத்தால் எஞ்சின் இன்னும் தடுமாறும். கெட்டதை எடுத்தால் ஒரு மாற்றமும் இராது. அங்கேதான் குற்றம். ஆனால் அந்த ஒயரில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. வெறுங்கையால் தொடவே கூடாது. புதிய கார்களில் இப்படி எடுத்தால் மற்றப் பாகங்களும் கெடும். இது பழகியவர் கைக்கு உரிய வேலை.

கார்புரேட்டர் வண்டிகள்

பழைய மாருதி 800, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் பெட்ரோலையும் காற்றையும் கலக்குவது கார்புரேட்டர். அதனுள்ளே ஐட்லிங்குக்கு என்றே ஒரு சின்னத் துளை உண்டு. அதற்கு ‘ஸ்லோ ஜெட்’ என்று பெயர். தூசியோ துருவோ ஒரு துகள் அடைத்தால் போதும். கால் எடுத்தவுடன் வண்டி அணையும். மிதித்தால் நன்றாக ஓடும்.

மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துச் சமைத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஸ்டவ்வின் துளை அடைத்தால் பின் போட்டுக் குத்துவோம். ஜெட்டை அப்படிக் குத்தக்கூடாது. பித்தளை மெதுவான உலோகம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். கிளீனர் ஊற்றிக் காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கார்புரேட்டரின் வெளியே இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று வேகத்துக்கு. மற்றது கலவைக்கு. வேக ஸ்க்ரூவை ஏற்றினால் வண்டி அணையாது, உண்மைதான். ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். மாதம் முழுவதும் பெட்ரோல் கூடச் செலவாகும். ஃபில்டர், பிளக், குழாய் எல்லாம் சரியான பிறகுதான், எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், இந்த இரண்டையும் தொட வேண்டும்.

டெல்லிக் குளிருக்கு ஒரு வார்த்தை. ஜனவரி விடியற்காலையில் குளிர் 4, 5 டிகிரிக்கு இறங்கும். அப்போது சோக் இழுக்காமல் கார்புரேட்டர் வண்டி கிளம்பாது. கிளம்பியபின் சோக்கை உள்ளே தள்ள மறந்தால் கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். கம்பி துருப்பிடித்து சோக் பாதியில் நிற்பதும் உண்டு. மேலே பேசிய இளைஞரின் வண்டி கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், ஏர் ஃபில்டருக்கு அடுத்து இதைத்தான் பார்க்க வேண்டும்.

கோடையில் வேறு கதை. வெயில் 45 டிகிரியைத் தொடும். நெரிசலில் நின்ற காரில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகும். குமிழி அடைத்துக்கொண்டு பெட்ரோல் வராது. பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்கள். அது மூடநம்பிக்கை அல்ல. பம்ப் குளிர்ந்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும்.

இஞ்செக்‌ஷன் வண்டிகள்

புகைக் கட்டுப்பாடு கடுமையானதால் 2000-ஆம் ஆண்டையொட்டி கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. அதன் இடத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் வந்தது. எவ்வளவு பெட்ரோல் என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும்.

இதில் திருப்ப வேண்டிய ஸ்க்ரூ இல்லை. காற்றுக் கதவு உள்ள பாகத்துக்கு ‘த்ராட்டில் பாடி’ என்று பெயர். நாளாக ஆக அதன் ஓரத்தில் கறுப்புப் பிசின் படியும். ஐட்லிங் காற்று போகும் வால்விலும் படியும். கார் அணைவதற்குப் பல சமயம் இதுவே காரணம். கிளீனர் தெளித்து மெல்லிய துணியால் துடைத்தால் சரியாகும். பல ஆயிரம் ரூபாய்ப் பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

துடைத்த பிறகோ, பேட்டரி மாற்றிய பிறகோ சில கார்கள் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி ஓடும். கம்ப்யூட்டர் மறுபடி பழகுகிறது. பயப்பட வேண்டாம். டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் மட்டும், ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். அது தரும் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எஞ்சின் நன்றாக ஓடியும் காரின் உள்ளே மட்டும் அதிர்வு தெரிந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருக்கலாம். இதைத் தெரியாமல் பிளக்காக மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

சி.என்.ஜி. டாக்சிகள்

1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. பழைய ஆட்டோக்களும் டாக்சிகளும் சுத்தமான எரிபொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. டெல்லி டாக்சிகளில் பல, கேஸிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும்.

இதில் டிரைவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘ஸ்லோ’ கெட்டால் சுவிட்சைத் திருப்பிப் பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் சீராக நின்றால் கோளாறு கேஸ் பக்கம். கேஸ் ஃபில்டரையும் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் குலுங்கினால் பிளக், காயில், காற்றுக் குழாய் என்று பொதுவான இடங்களில் தேடுங்கள். கேஸில் மட்டும் ‘மிஸ்ஸிங்’ வந்தாலும் பிளக்கை ஒரு முறை பாருங்கள். கேஸ் எரிய பலமான தீப்பொறி தேவை. தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் சமாளிக்காது.

கேஸ் குழாய்களை நீங்களே கழற்றாதீர்கள். சிலிண்டரில் 200 மடங்கு காற்றழுத்தம் இருக்கிறது. கேஸ் வாசனை வந்தால் சாவியை அணையுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டாதீர்கள்

ஐட்லிங்கைச் சரிபார்க்க எஞ்சினை நெடுநேரம் ஓட விட வேண்டியிருக்கும். குளிருக்குப் பயந்து சிலர் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்கிறார்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் வருவது போல இருக்கும். பிறகு எழுந்திருக்க மாட்டார்கள். கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஹீட்டர் போட்டுக்கொண்டு, ஓடும் காருக்குள் படுத்துத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

பழைய கார் வாங்குமுன்

2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 15 ஆண்டு கடந்த வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசல் வண்டிக்கு அதை 10 ஆண்டாக்கியது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதனால் பல பழைய கார்கள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு வெளி மாநிலங்களுக்குப் போயின. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று சேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ அப்படி ஒரு காரை ஓட்டிப் போக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தடை பற்றி 2025-லும் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பணம் கொடுக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் இன்றைய விதியைக் கேட்டு, எழுத்தில் படித்துப் பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது.

புகைச் சீட்டைப் படிப்போம்

பெட்ரோல் காரின் புகையை, அது ஐட்லிங்கில் நிற்கும்போதுதான் சோதிக்கிறார்கள். சீட்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று சி.ஓ. இது கார்பன் மோனாக்சைடு. மற்றது எச்.சி. இது எரியாமல் வெளியே வரும் பெட்ரோல். 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அளவுகளைப் பாருங்கள்.

பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்திய கார்: சி.ஓ. 3 சதவீதம், எச்.சி. 1500.
பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்: சி.ஓ. 0.5 சதவீதம், எச்.சி. 750.

சி.ஓ. கூடினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சி.ஓ. சரியாக இருந்து எச்.சி. மட்டும் கூடினால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பயிற்சி

கீழே இரண்டு கார்களின் எண்கள் இருக்கின்றன. இரண்டும் பாரத் ஸ்டேஜ் 3 கார்கள்.

முதல் கார்: சி.ஓ. 1.8, எச்.சி. 600.
இரண்டாம் கார்: சி.ஓ. 0.4, எச்.சி. 1100.

1. முதல் காரில் எந்த எண் அளவைத் தாண்டியிருக்கிறது? எவ்வளவு தாண்டியிருக்கிறது?
2. முதல் காரில் எந்தப் பாகத்தை முதலில் கழற்றிப் பார்ப்பீர்கள்?
3. இரண்டாம் கார் குலுங்குமா? ஏன்?
4. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள ஒரு வண்டியின் புகைச் சீட்டை வாங்கிப் படியுங்கள். அது எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதுங்கள்.